அறுநூறு மீட்டருக்கு ஒரு சீசன்

பெல்ச்சர் கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தாலாவது நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கலாம். கல்லூரியில் யார் ஓடலாம், யார் ஓடக்கூடாது என்று விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. சொல்லிவிட்டார்.

"காலேஜ்ல ஓட ஒருத்தருக்கு நாலு சீசன்தாம்மா, வருஷத்துக்கு ஒண்ணு. உனக்கு நாலும் முடிஞ்சுபோச்சு."

"மூணுதான் சார் ஓடியிருக்கேன்," என்றாள் டாக்னி. "மூணாவது வருஷம் ஒரே ஒரு ரேஸ். அதுவும் ஆறு கிலோமீட்டர் ஓட்டத்துல அறுநூறு மீட்டர்லயே வெளிய வந்துட்டேன்."

"காலேஜ் பனியன் போட்டுக்கிட்டு கோட்டுல நின்னியா? துப்பாக்கி வெடிச்சுதா? அப்ப அது ஒரு சீசன்."

அந்த ஒரு சீசனை நம்பித்தான் அவள் பழைய கல்லூரியை விட்டு, மேற்படிப்பு என்று சொல்லிக்கொண்டு மினசோட்டாவின் இந்தக் குட்டிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தாள். படிப்பெல்லாம் சும்மா பேருக்கு. தங்கை லிவ் இங்கே முதலாமாண்டு. நாலு வயது வித்தியாசம், பள்ளியில்கூட இருவரும் ஒரே அணியில் ஓடியதில்லை. ஒரே ஒரு இலையுதிர்காலமாவது ஒரே பனியனில் சேர்ந்து ஓடிவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பேசிப் பேசி வைத்திருந்தார்கள், பாவம்.

"அடிபட்டுத்தான் வெளிய வந்தேன்னு அப்பவே எழுதின சீட்டு இருந்தா அந்த வருஷத்தைத் திரும்ப வாங்கிடலாம்," என்றார் பெல்ச்சர். "ஆனா சீசன் பாதி தாண்டுறதுக்கு முன்னாடி பட்ட அடியா இருக்கணும்."

டாக்னி வாசலுக்கு வந்த கையோடு ரமோனாவுக்குப் போன் போட்டாள். பழைய கல்லூரி அணியில் அடி, சுளுக்கு எல்லாம் பார்க்கிறவள் ரமோனா.

"செப்டம்பர்ல அந்த ரேஸ்லேர்ந்து வெளிய வந்தப்பவே என் காலெலும்பு விரிசல் விட்டிருந்துச்சு. அதை மட்டும் எழுதிக் குடுங்க."

"வயித்துவலின்னுல்ல இருக்கு இங்க. நீ சொன்னது."

"ஓடவிடாம உட்கார வச்சிடுவீங்கன்னு பயந்துபோய் சொன்னேன்."

ஓடுகிற பிள்ளைகள் எல்லாம் சொல்கிற பொய்தான். கால் வலி என்றால் மாசக்கணக்கில் ஓய்வு. வயிற்றுவலி என்றால் அடுத்த வாரமே ஓடலாம். அப்படிப் பயிற்சியில் ஓடி ஓடித்தான் அக்டோபர் கடைசியில் எலும்பு படக்கென்று முறிந்தது. அதற்குச் சீட்டு இருக்கிறது, பேஷாக இருக்கிறது. ஆனால் அதற்குள் சீசன் பாதி தாண்டியிருந்தது.

"மூணு தடவ கேட்டேன்டா கண்ணு, கால் வலிக்குதான்னு. சிரிச்சுக்கிட்டே இல்லேன்னே. எனக்கு நம்பிக்கையில்ல. ஆனாலும் நீ சொன்னதைத்தானே எழுத முடியும்? இப்ப மாத்தினா அது பொய்ச் சீட்டு." அவளையும் திட்ட முடியாமல் டாக்னி போனை வைத்தாள்.

உணவுக்கூடத்தில் லிவ் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். டாக்னி ஒன்றுவிடாமல் சொன்னாள், வயிற்றுவலி உட்பட.

"லூசாடீ நீ?" என்றாள் லிவ். தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"ஏப்ரல்ல ஒரு பெரிய யுனிவர்சிட்டி கோச் என்னைக் கூப்பிட்டார்," என்றாள். "வருஷம் தவறாம தேசியப் போட்டிக்குப் போற டீம். உன்னோட ஓடணும்னு வர மாட்டேன்னுட்டேன். உன்கிட்ட சொன்னா நீ என்னை அங்க துரத்தியிருப்பே."

டாக்னி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "இப்பவே அவருக்கு எழுது. அடுத்த வருஷம் மாறிக்கோ. இந்த சீசன் ஓடாம இருந்துட்டா உன் நாலும் அப்படியே இருக்கும்."

"ஓடாம எங்க இருக்கிறது? போன சனிக்கிழமையே ஓடிட்டேனே."

பதற்றத்தில் டாக்னிக்கு அது மறந்தே போயிருந்தது. 'என் பேப்பர் வர ஒரு வாரம் ஆகும், அதுக்கு நீ ஏன் நிக்கணும், போய் ஓடு, அடுத்த வாரம் பக்கத்துல நான் இருப்பேன்' என்று சொல்லி, அவள் பனியனில் நம்பர் அட்டையைக் குத்தி அனுப்பியதே டாக்னிதான்.

"ஒண்ணு போனா போகட்டும். எனக்கு இன்னும் மூணு இருக்கு," என்றாள் லிவ். "அதுல ஒண்ணை உனக்குக் குடுக்க முடியுமா? அந்த மனுஷனைக் கேட்டுப் பாரேன்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். டாக்னி எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாலரை மணிக்குப் பயிற்சி. லிவ் மட்டும் போனாள்.