மூன்றும் ஒரே பக்கம்

"அவர் கை நடுங்குதா இல்லையா, நீயே சொல்லும்மா?"

போன மாதம் சித்தப்பா அவளைக் கேட்டது. வேலை மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார். நடுங்கத்தான் செய்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்று அப்பாவின் உடலை முன்னறையில் கழுத்துவரை போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். வண்டி இன்னும் வரவில்லை. வருகிறவர்கள் உட்கார இடமில்லை, பின்னறை மேசையை ஒழித்துக் கொடு என்று அம்மா அவளை அனுப்பியிருந்தாள்.

மேசையில் மூன்று மீட்டர்கள் கிடந்தன. மின்னழுத்தம் அளப்பவை. அப்பாவும் சித்தப்பாவும் சரிபார்த்து அனுப்பி, அளவு தப்பு என்று ஆலையிலிருந்து திரும்பி வந்தவை. வந்த அன்றே சித்தப்பா தன் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"போதும்ணா. பேரு கெட்டுப்போகுது."

கெட்டுப்போன கருவிகளில் ஒட்டுகிற 'உபயோகிக்காதே' சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, விளையாட்டாக அப்பாவின் நாற்காலி முதுகில் ஒட்டினார்.

"நல்லவேளைடா, என் நெத்தியில ஒட்டாம விட்டே" என்று அப்பா சிரித்தார். அதை அவர் உரிக்கவில்லை. அதன்பிறகு யார் எதிரிலும் டீ டம்ளரைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

மீட்டர்களை அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். ஒவ்வொன்றின் பின்புறமும் ஆலைக்காரர்கள் பிழையளவை எழுதி ஒட்டியிருந்தார்கள். தப்பு என்றதும் எல்லோரும் அப்பாவின் கையைப் பார்த்தார்களே தவிர, இதை யாரும் நின்று படிக்கவில்லை. பத்து வோல்ட்டில் நான்கு மில்லிவோல்ட் கூடுதல். அடுத்ததிலும் நான்கு கூடுதல். மூன்றாவதிலும் அப்படியே.

நடுங்குகிற கை ஒன்றில் கூட்டிவைக்கும், இன்னொன்றில் குறைத்துவைக்கும். இப்படி மூன்றும் ஒரே பக்கம் சாயுமா?

மூன்றாவதைத் திருப்பினாள். சரிசெய்த திருகை யாரும் தொடாதிருக்க அதன்மேல் ஒரு பெயிண்ட் பொட்டு வைப்பார்கள். அப்பா வைப்பது நீலம். இது பச்சை.

நாற்காலி எடுக்க சித்தப்பா உள்ளே வந்தார். அழுது கண் வீங்கியிருந்தது.

"சித்தப்பா, இது நீங்க வச்ச பச்சைதானே?"

"இப்பவா இதெல்லாம்? ஆமா, நான் வச்சதுதான். அதுக்கென்ன?"

"இதுலயும் நாலு கூடத்தான் காட்டுது."

கையில் வாங்கிப் படித்தார். மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக அலமாரிப் பக்கம் திரும்பினார். அங்கே அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. அது கொடுக்கும் பத்து வோல்ட்டை நம்பித்தான் இருவரும் எல்லா மீட்டரையும் சரிசெய்வார்கள். அதுவே தப்பினால் எல்லாம் ஒரே பக்கம் தப்பும்; அதனால் வருடத்துக்கு ஒருமுறை அதையே வெளியே சோதனைக்கு அனுப்பவேண்டும்.

"அனுப்பணும்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு" என்றாள்.

"நான்தான்... வேலை குவிஞ்சு கிடக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"வண்டி வந்தாச்சு. அவரு தம்பி எங்க? தூக்கணும், வரச் சொல்லுங்க" என்று முன்னறையில் யாரோ கேட்டார்கள்.

சித்தப்பா குனிந்து நாற்காலி முதுகிலிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். கிழிந்து கிழிந்து வந்தது. பெரிய துண்டைக் கறுப்புப் பெட்டியின் முகப்பில் வைத்து அழுத்தினார். பசை போயிருந்தது, ஒரு முனை தூக்கிக்கொண்டது. கட்டைவிரலால் மறுபடி அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு விரலை எடுத்தார். அவளைப் பார்க்காமல் அண்ணனைத் தூக்கப் போனார்.