ஆமெனுக்கு முன் ஒரு தட்டு

பக்கவாதம் வந்த பிறகு அவள் கணவர் பேசிய முதல் முழு வாக்கியம், "உப்பு பத்தலை."

அவர் வாயிலிருந்து வந்தது வழக்கமான குழறல்தான். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசி அதைக் கேட்டு, கொஞ்சம் தயங்கி, அவருடைய பழைய குரலிலேயே திருப்பிச் சொன்னது. அவள் கரண்டியைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"உப்புக்குப் போய் யாராச்சும் அழுவாங்களாக்கா?" என்றான் தம்பி. அந்தச் செயலியைத் தேடிப்பிடித்து, மாமா முன்பு அனுப்பிய குரல் செய்திகளையெல்லாம் அதற்குக் கேட்கக் கொடுத்து, பல நாள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியவன் அவன்தான்.

"மாசக்கணக்கா வாயைத் திறக்காத மனுஷன், திறந்ததும் குறை சொல்றார் பாரு" என்றாள். அழுகைக்குள்ளேயே சிரிப்பும் வந்துவிட்டது. உப்பு டப்பாவை எடுக்க எழுந்தபோது மனதுக்குள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் அண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கருவிப் பையைத் திறப்பதற்கு முன் கதவில் ஒரு தட்டு தட்டுவார். நான் வந்துவிட்டேன், இங்கேதான் நிற்கிறேன் என்று அர்த்தம். அதன்பின் கதவு திறக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே இருந்தவர் பயத்தை மறந்து, "ஐயா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க" என்று கெஞ்சிய கதையும் உண்டு. அதே வாய்தான் ஞாயிறுதோறும் ஆலயத்தில் விண்ணப்ப ஜெபம் செய்தது. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஜெபிக்கச் சொன்னவர்கள் மறந்த பிறகும் அவர் மறக்கமாட்டார். நோய் அவர் காலை விட்டுவைத்தது, புத்தியை விட்டுவைத்தது. நாக்கை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மச்சான் கொண்டுவந்தது என்பதால் செயலிக்குச் 'சின்ன மச்சான்' என்று பெயர் வைத்தார். நாளாக ஆக அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியது. மறுபடியும் சபையின் முன் நின்று ஜெபிக்க வேண்டும்.

அவள் வேலை செய்த மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போதகர் ஒரு நாள் வந்தார். கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்குகிறதாம். அவள் ஃபிரேமைச் சூடுகாட்டி மெல்ல வளைத்துக்கொண்டிருக்கும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"மெஷின் ஜெபம் பண்ணலாமான்னு ரெண்டு மூணு பேர் கேக்குறாங்கம்மா. எனக்கும் சரியாப் பிடிபடலை."

"மோசேக்குப் பேச வராதுன்னு ஆண்டவர் அவரோட அண்ணனைத் துணைக்கு அனுப்பலையா ஐயா?"

"அனுப்பினார். அதே அண்ணன்தான் அப்புறம் ஜனங்க கும்பிடப் பொன் கன்னுக்குட்டியும் செஞ்சு வெச்சார்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். கண்ணாடியை மாட்டித் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டிட்டு வாங்க. பேசுறது அவரா இருக்கட்டும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஞாயிறு லிஃப்ட் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். சிறிய மர மேசையின்மேல் கைப்பேசி. அவர் குழறக் குழற, அவருடைய குரல் ஆலயம் முழுக்கக் கேட்டது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூக்கடைப் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்காக ஜெபிக்கும்போது குரல் சொன்னது: "அடுத்த ஞாயிறு அந்த அம்மா சுகமாய் எங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள்." சபை முழுவதும் பலமாக ஆமென் சொல்லியது. அவர் மட்டும் வேகவேகமாகத் தலையை ஆட்டினார், இடது கையை வீசினார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சுகம் தாரும்னு மட்டும்தான் நான் கேட்டேன்" என்றது அவர் குரல். "மத்தது சின்ன மச்சானோட சொந்தச் சரக்கு."

"ஆறுதலாத்தானேங்க சொல்லியிருக்கு?"

"ஆண்டவர் குடுக்காத வாக்கை நான் எப்படிக் குடுப்பேன்? என் குரல்ல சொன்னா நான் சொன்னதுதானே? கிளம்பு."

தம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கி நின்றால் மீதியைத் தானாக முடிக்கும்படி வைத்திருந்தது அவன்தான். மாமா சிரமப்படக் கூடாதே என்ற பாசம்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த வார்த்தை தன்னுடையது அல்ல என்று அவர் சொன்னபோது பூக்கடைப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அதைப் பிடிச்சுக்கிட்டுதான் அண்ணே இருந்தேன்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே அவள் அம்மா இறந்துபோனார். பிறகு ஒரு நாள் அந்தப் பெண் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்து, "அண்ணன் வந்து சொன்னது நல்லதாப் போச்சுக்கா. அம்மாகிட்ட பேச வேண்டியதையெல்லாம் பேசி முடிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பழக்கம் வந்தது. தம்பி செயலியை மாற்றி அமைத்தான். ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு அது நிற்கும். தன் வார்த்தைதான் என்றால் அவர் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். இல்லையென்றால் கையை அசைப்பார், மறுபடி சொல்வார். தட்டு விழுந்த பிறகுதான் சபை ஆமென் சொல்லும். முதலில் எல்லோருக்கும் இது வேடிக்கையாக இருந்தது. போகப் போக அந்தத் தட்டுக்காகச் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

"பாஸ்டர் பிரசங்கத்தை யாரும் இவ்வளவு கவனமாக் கேட்டதில்லை மாமா" என்பான் தம்பி.

"அவரையும் மேசையைத் தட்டச் சொல்லு" என்பார் இவர்.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த நாட்களில் கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசினார்கள், சண்டை போட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன்பு போட்ட ஒரு சண்டையில் யார் மேல் தப்பு என்றுகூட ஒருமுறை ஆராய்ந்தார்கள். பிறகு ஒரு நண்பகலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அவர் போய்விட்டார். பேச வேண்டியது எதுவும் பாக்கி இல்லை என்பது அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் வீட்டில் குரல் இல்லை.

நினைவு ஆராதனைக்கு முன்பு தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, மாமா பண்ணின ஜெபமெல்லாம் அந்தச் சின்ன மச்சானுக்குள்ளதான் இருக்கு. கேட்டா அவர் மாதிரியே ஒரு ஜெபம் பண்ணும். வேணாம்னா விட்டுரலாம்."

அவளுக்கு வேண்டும் என்றிருந்தது. ஒருமுறை, இன்னும் ஒரே ஒருமுறை அந்தக் குரல். போதகரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழுற வீட்டுல நான் சட்டம் பேசமாட்டேம்மா. உங்க மனசுக்கு எது சமாதானமோ அதைச் செய்ங்க."

ஆராதனையில் அதே மர மேசையின்மேல் கைப்பேசியை வைத்தார்கள். குரல் தொடங்கியது. அவரேதான். அவருடைய இழுப்பு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் அந்தத் தொனி, ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் விதம். பூக்கடைப் பெண்ணையும் மறக்கவில்லை. "என் மனைவியைத் தேற்றும். நான் உம்மோடு சுகமாயிருக்கிறேன்" என்று சொல்லி அது நின்றது.

யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. தட்டுக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். மேசைக்குப் பின்னால் ஆள் இல்லை. தாங்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது ஒவ்வொருவருக்காகப் புரிய, தலைகள் குனிந்தன.

அவள் கை முன்பெஞ்சின் சட்டத்தின்மேல் இருந்தது. விரல் மடங்கியும் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும், சபை ஆமென் சொல்லிவிடும், அந்த வார்த்தை அவருடையதாகிவிடும். சுகமாயிருக்கிறேன் என்று அவரே சொன்னதாக அவள் நம்பிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்குப் போக அன்று அவர் செருப்போடு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவள் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்தாள். சபையில் அவள் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. அந்த வேலைக்குத்தான் வீட்டில் ஆள் இருந்தாரே.

"ஆண்டவரே" என்றாள். "எனக்கு இவர் மாதிரி பேச வராது. இப்ப இங்க கேட்டது நல்ல வார்த்தைதான். ஆனா அவர் சொன்னது இல்லை. அவர் உங்ககிட்ட சுகமா இருக்கார்னு மெஷின் சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. நீங்க சொன்னதை நம்புறேன்."

தம்பி தலையைக் குனிந்து அழுவது பக்கவாட்டில் தெரிந்தது. அவன் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

"இதைக் கண்டுபிடிச்சவங்க யாரு, எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. உங்களை அவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. உங்களுக்கு அவங்களைத் தெரியும். அவங்க பிள்ளைகுட்டிங்க நல்லா இருக்கணும். என் வீட்டுக்காரர் வாயடைச்சு, மனசுல இருக்கிறது என்னன்னே யாருக்கும் தெரியாம போயிருக்க வேண்டியவர். ஒரு வருஷத்துக்கு மேல பேசிட்டுப் போனார். என்னைத் திட்டிட்டுப் போனார். உப்பு பத்தலைன்னு சொல்லிட்டுப் போனார். அதுக்காக ஸ்தோத்திரம். அவங்களுக்கு இந்தப் புத்தியைக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம். பாசத்துல இதைத் தேடிக் கொண்டுவந்த என் தம்பிக்காக ஸ்தோத்திரம். வேற என்ன கேக்குறதுன்னு தெரியலை."

அவ்வளவுதான் வந்தது. அவள் உட்கார்ந்தாள். சபை அசையவில்லை. போதகர்கூடத் தலை நிமிராமல் நின்றார்.

ஏன் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும், அந்த இடத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டி, முன்பெஞ்சின் மரச்சட்டத்தில் ஒரு தட்டு தட்டினாள்.

"ஆமென்" என்றார்கள் எல்லோரும்.