பன்னிரண்டு டிக்

1
மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது. காலையிலிருந்து அண்ணனின் குதிகாலைப் பிடித்து முழங்காலை மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை. அந்த அசதியோடுதான் இதை எழுதுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படிவம் ஒன்றிலிருந்து வந்தது.

2
தொடக்கம்: "முப்பது வருஷம் அடுத்தவன் வீட்டுத் தரையில் மண்டிபோட்டு டைல்ஸ் ஒட்டியவருக்கு, இரண்டு முழங்காலிலும் உலோக மூட்டு வைத்தார்கள். உலோகம் மின்ன..."

வேண்டாம். மின்னியதை யார் பார்த்தது? அது தோலுக்குள்ளே கிடக்கிறது.

3
நடந்தது இதுதான். அறுவை முடிந்து ஆறாவது வாரம். படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். நான் படித்தேன், அண்ணன் படுத்தபடி பதில் சொன்னார்.

"படி ஏற முடியுதா?"

"முடியும்."

"தனியா பஸ் ஏற?"

"முடியும்னு போடு."

"அண்ணே, கக்கூசுக்கே என் தோளைப் பிடிச்சிட்டுத்தானே போற?"

"எழுத்தாளரம்மா, ஊரெல்லாம் பொய்க்கதை எழுதுற. எனக்கு ஒரு டிக் போட வலிக்குதா?"

(இடையில் ஒன்று: அண்ணனின் டைல்ஸ் தொழிலில் மேஸ்திரி காலையில் "முடியுமா?" என்பார். "முடியாது" என்றவனுக்கு மறுநாள் வேலை இல்லை. அண்ணன் வாயில் அந்தச் சொல் முளைக்கவே இல்லை.)

பன்னிரண்டு டிக்கையும் நான்தான் போட்டேன். ஆஸ்பத்திரியில் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தார்கள். யாரும் காலை மடக்கிப் பார்க்கவில்லை. "பிரமாதம், இனிமே பயிற்சிக்கு வர வேண்டாம்."

அதற்கு முன்பே பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் சொல்லியிருந்தாள்: "ஆபரேஷன் ஆகி மூணு மாசத்துக்குள்ள நல்லா மடங்கணும்க்கா. இல்லன்னா அப்படியே இறுகிடும்."

4
முடிவு அ: அண்ணன் புதுத் தரையில் மண்டிபோட்டு... (அடித்துவிட்டேன். இது ஆசை, கதையில்லை.)

முடிவு ஆ: ஆஸ்பத்திரியில் போய் உண்மையைச் சொல்கிறேன். இதை நேற்று அவரிடமே படித்துக் காட்டினேன்.

"படிவத்தைத் திருத்தாத. மேஸ்திரி காதுக்குப் போச்சுன்னா மேற்பார்வை வேலைகூட கிடைக்காது."

"மடங்காத காலோட மேற்பார்வைக்கு எப்படிப் போவ?"

கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை, எனக்குத் தெரியும்.

முடிவு இ:

இதை நீங்கள் எழுதுங்கள் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். டிக் போட்டது என் கை. உங்கள் கை எதற்கு?

மூன்று மாதம் முடியப் பத்தொன்பது நாள் இருக்கிறது. புதுப் படிவம் வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டில் ஒன்று மட்டும் நிஜம்: வலியில்லாமல் தூங்குகிறார். மிச்சம் பதினொரு "முடியாது". அண்ணனுக்கு நான் தர வேண்டிய பாக்கி அது. இன்னும் தரவில்லை.