கதைக்காகக்கூட ஒரு நட்டு கழலாது

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது மேனேஜர். எந்த ஆபீசுக்கு மேனேஜர் என்று கேட்காதீர்கள். என் அக்கா மகள்தான். எட்டு வயது, முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை. அக்கா வீட்டில் யார் முதலில் குளிப்பது, யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதெல்லாம் அவள் உத்தரவுப்படிதான் நடக்கும். அதே வீட்டு மாடி அறையில் இருக்கும் எனக்கும் விலக்கு கிடையாது.

வருகிற சனிக்கிழமை நாங்கள் தீம் பார்க்குக்குப் போகிறோம்.

"மாமா, நீ கதை எழுதுற ஆளுதானே? இதை எழுது. ஆனா போயிட்டு வந்து எழுதாத, அப்புறம் இஷ்டத்துக்கு மாத்திருவ. இப்பவே எழுது."

"இன்னும் போகவே இல்லையே!"

"அதனாலதான் சொல்றேன்."

புனைகதை என்றால் என்ன என்று பெரிய பெரிய கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "இலையுதிர் காலத்தின் பொன்னிற இலைகள் பூங்காவின் பாதைகளில் மெல்ல உதிர்ந்து —"

தோளுக்குப் பின்னால் நின்று அக்கா படித்துவிட்டாள்.

"அழகா இருக்கோ? வந்து தண்டவாளத்துலேர்ந்து கூட்டிப் பாரு, தெரியும். நனைஞ்ச இலை மேல சக்கரம் ஏறினா வழுக்கும்டா. இந்த சீசன் முழுக்க எங்களுக்கு இலையோடதான் மல்லுக்கட்டு."

[இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அக்கா அந்தத் தீம் பார்க்கில் ஃபிட்டர். இருப்பதிலேயே பெரிய ரோலர் கோஸ்டர் அவள் பொறுப்பு. கூட்டம் வருவதற்கு முன்னால், இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அதன் முதுகில் ஏறி, ஒவ்வொரு நட்டாகப் பார்த்தபடி இறங்குவாள். இதைப் படிக்கிற உங்களுக்குத் தலை சுற்றினால் வெட்கப்பட வேண்டாம். எழுதுகிற எனக்கே சுற்றுகிறது.]

இரண்டாவது தொடக்கம்: "துருப்பிடித்த தண்டவாளம் காற்றில் கிறீச்சிட்டது. அன்று காலை, யாரும் கவனிக்காத ஒரு நட்டு —"

"துருவா? என் தண்டவாளத்துலயா?"

"கதைன்னா ஒரு பதற்றம் வேணும்க்கா."

"வேற எதையாவது வெச்சுப் பதறிக்கோ. கதைக்காகக்கூட என் நட்டு ஒண்ணு கழலாது."

சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இத்தனை வருடம் எழுதியதில், இது கழலாது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

3

இனி நான் கதைக்குள் இல்லை. கீழே கதையில் வரும் அக்காவின் தம்பி வேறு ஆள். என்னைவிடக் கொஞ்சம் உயரம், தலையில் முடியும் அதிகம்.

போன வருடம் அந்தப் பெரிய ரோலர் கோஸ்டரின் வாசலில் இருக்கும் உயர அளவுக் கம்பத்தில் மேனேஜர் முட்டியை விறைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். எட்டவில்லை. வீடு வரைக்கும் அவளைத் தேற்றிக்கொண்டே வந்த அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

இந்த வருடம் எட்டிவிட்டது. வீட்டுக் கதவு நிலையில் போட்ட பென்சில் அடையாளமே சாட்சி. வெயில் காலக் கூட்டமும் ஓய்ந்துவிட்டது. இது குளிர் நாடு; இன்னும் சில வாரங்களில் குளிர் வந்தால் பூங்காவை மூடிவிடுவார்கள். மேனேஜர் திட்டம் போட ஆரம்பித்தாள். முதலில் பெரிய ரோலர் கோஸ்டர். அடுத்தது? மறுபடியும் அதே. தின்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

அக்கா மழை வரும் என்றாள். மழை வரவில்லை. குளிரும் என்றாள். மேனேஜர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அடுத்த வருடம் பார்க்கலாமே என்றாள் அக்கா.

அப்போது அக்கா சமையலறைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் மஞ்சள் பெயிண்ட்.* தம்பி டீக் கோப்பையோடு கதவோரம் நின்றிருந்தான்.

"அம்மா, மத்த பிள்ளைங்க அதுல ஏறலாமா?"

"ஏறலாம். அதுக்குத்தானே இருக்கு."

"நான் ஏறக்கூடாதா?"

அக்கா குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ நீ சரியா முடுக்கலையா?"

[இந்த இடத்தில் முதலில் அக்காவை அழவைத்திருந்தேன். கண்ணீர் கன்னத்தில் — அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழுகிற ரகம் இல்லை.]

குழாயை மூடினாள். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் முடுக்கியிருக்கேன். யாரு வேணா வந்து பார்க்கட்டும். எல்லாப் பிள்ளைங்களுக்கும் சேர்த்து முடுக்குறப்போ என் கை ஆடாது. ஒரே ஒரு பிள்ளைய, உன்னை மட்டும் நினைச்சு ஸ்பேனரைப் பிடிச்சா ஆடிடும்டி. அதான் பயம்."

மேனேஜர் யோசித்தாள். விழுந்த பல்லின் இடைவெளியில் நாக்கை நுழைத்துக்கொண்டு யோசிப்பது அவள் வழக்கம்.

"அப்போ என்னை நினைக்காம முடுக்கினதுல நான் ஏறிக்கிறேன்."

அக்கா சிரித்தாள், தரையில் அப்படியே உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து.

"சனிக்கிழமை போறோம்" என்றாள்.

* நட்டை முடுக்கியதும் நட்டின் மேலும் அடித்தகட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு முறிந்து தெரியும். ஆளுக்கு ஒரு நிறம், அக்காவுக்கு மஞ்சள். மேனேஜர் ஒன்றாம் வகுப்பில் "எங்கம்மா பெயிண்டர்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

4

எட்டு வயதுப் பிள்ளை இப்படிப் பேசுமா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் படுகிறேன். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் கொஞ்சம் ஓவர் என்று ஓரத்தில் குறித்திருப்பேன். ஆனால் டீ ஆறிப்போகும்வரை நின்று கேட்டவன் நான்தான். (தம்பி வேறு ஆள் என்று சொன்னேன் அல்லவா? மறந்துவிடுங்கள்.) அந்த நிமிடம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. யாரைப் பார்த்துப் பெருமைப்படுவது, முடுக்கியவளைப் பார்த்தா, அதை நம்பியவளைப் பார்த்தா என்று புரியவில்லை. இருவரும் என் வீட்டுப் பெண்கள் என்பது மட்டும் புரிந்தது.

5

முடிவுகள்.

அ) அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு மகளின் பக்கத்தில் உட்காருகிறாள். வண்டி கிளம்புகிறது —

அக்கா: "நான் ஏற மாட்டேன். கீழ நிப்பேன்."

"பயமாக்கா?"

"மேல உட்கார்ந்தா காத்துதான் கேக்கும். கீழ நின்னாத்தான் வண்டி கேக்கும். எங்க எப்படிச் சத்தம் வரணும்னு எனக்குத் தெரியும். அவ சுத்தி வர்ற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டே நிக்கணும்."

ஆ) மேனேஜர் கடைசி நிமிடத்தில் பயந்து இறங்கிவிடுகிறாள்.

மேனேஜர்: "நானா?" அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவள் தயாராக இல்லை.

இ) இதுதான் சிக்கல். அவள் உயரத்துப் பிள்ளைகள் ஏறினால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது பூங்காவின் விதி. அத்தான் பஸ் டிரைவர். சனிக்கிழமை அவருக்கு டியூட்டி. அக்கா கீழே. மிச்சம் இருப்பது தம்பி. நகரும் படிக்கட்டிலேயே கைப்பிடியை விடாதவன்.

மூன்றாம் பகுதியின் முதல் வரிகளை மேனேஜர் விரல் வைத்துப் படித்தாள்.

"சனிக்கிழமை யாரு மாமா வருவா? இந்த உயரமான ஆளா, நீயா?"

நான் பதில் எழுதவில்லை. சனிக்கிழமை இன்னும் வரவில்லை.

இதுவரைக்கும்தான் என்னால் எழுத முடிகிறது: இலைகளைக் கூட்டித் தள்ளிய சுத்தமான தண்டவாளம். மேனேஜர் ஜாக்கெட்டோடு உட்கார்ந்துவிட்டாள், மடியை அழுத்திப் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பியை இறக்கிவிட்டார்கள். தூண்களில் தெரியும் மஞ்சள் கோடுகளை அவள் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா தலையைச் சற்றுச் சாய்த்துக் காது கொடுத்து நிற்கிறாள். பிள்ளையின் பக்கத்து இருக்கை இன்னும் காலி.

நான் அதில் உட்காருவதாகத்தான் இருக்கிறேன். ஒருவேளை எனக்குக் கால் வராமல் போனால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். பயப்பட வேண்டாம். முடுக்கியது என் அக்கா.