குறுக்கே ஒரு தோள்

“தோள் குறுக்க வருதுங்க. வெட்டுனா அவரு தாடை போயிடும்,” என்றான் ஃபிளெக்ஸ் கடை வேலு, செல்போனில் படத்தை விரலால் பெரிதாக்கியபடி.

கூடத்தில், விடியற்காலை நெஞ்சுவலியில் போய்விட்ட தமிழ்வாணன் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். பதினாறு படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவன். கண்ணீர் அஞ்சலி பேனரில் போட ஒரே ஒரு போட்டோதான் அகப்பட்டது. விருது விழாவில் எடுத்தது. முன்னால் கேடயத்துடன் அண்ணன், இயக்குநர் அருணகிரி. பின்னால் முக்கால் முகமாகத் தம்பி.

“கல்யாண போட்டோ இல்லீங்களா?”

“அதுல எங்க நின்னாரு? தாலி கட்டின கையோட, லைட்டு தப்புன்னு போட்டோக்காரர்கிட்ட சண்ட போட்டுகினு இருந்தாரு,” என்றாள் அமலா. கணவனை நினைத்து வந்த சிரிப்பு பாதியில் அழுகையானது.

நெசவாளர் சிவப்பிரகாசம் மாலையோடு வந்தார். விருது வாங்கிய படத்தை அவர் தெருவில்தான் எடுத்தார்கள்.

“நாப்பது வருஷமா அங்க தறிக்குப் பாவு நீட்டறேன் அருணகிரி. பட்டு நூல் மேல வெயிலு அப்டி ஓடும்னு உன் படத்தப் பாத்துதான் தெரிஞ்சுது. எப்டிப்பா புடிச்ச?”

“பதினோரு நாள் காத்திருந்தேங்க.”

பேட்டிகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். தானாக வந்துவிட்டது. ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அமலாவின் கை நின்றது. மூன்றாம் நாளே விளக்கு போட்டு முடிக்கச் சொல்லிக் கத்தியவன் அருணகிரி. “வெயிலு வரட்டும்ணா,” என்று லென்ஸை மூடிவிட்டுச் சிவப்பிரகாசம் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டவன் தமிழ்வாணன்.

அமலா துணியைத் திருப்பிப் பிடித்தாள். மறுபடி துடைத்தாள்.

“பேருக்குக் கீழ, இயக்குநர் அருணகிரியின் தம்பின்னு போட்டுடறேங்க. அப்பத்தான் ஊருக்குத் தெரியும்,” என்றான் வேலு.

“வேணாம். ஒளிப்பதிவாளர்னு போடு,” என்றான் அருணகிரி.

வெயிலுக்குக் காத்திருந்தவன் தம்பிதான் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. சிவப்பிரகாசம் எதிரிலேயே நின்றார். அருணகிரி சொல்லவில்லை.

நான்கு மணிக்குப் பாடையின் முன்பக்கத்தை அவன் தோளில் வாங்கினான். தெருமுனையில் பேனர் கட்டியிருந்தது. அருணகிரியின் முகத்தை வெட்டிய வேலு, தோளை மட்டும் விட்டுவைத்திருந்தான். சாய்ந்த வெயில் நேராக அதன்மேல் அடித்தது. பக்கத்தில் நடந்த சிவப்பிரகாசம் கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தார்.

“யாருப்பா அது, அவன் மூஞ்சிய மறைச்சிகினு?”

“நான்தாங்க.”

மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. “ஆங்?” என்றார்.

பேனரில் அந்த வெள்ளைச் சட்டைத் தோள்தான் வெயிலில் அதிகம் பளிச்சிட்டது. அருணகிரி மூங்கிலை மற்றொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.