புல் வெட்டும் வண்டிக்கு முன்னால் ஒரு கொக்கி

கைவண்டியின் கைப்பிடியை யார் அறுத்தது என்று செடி விற்கும் நர்சரியம்மா கேட்டபோது, அவளுடைய வீட்டுக்காரரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரும்பு அறுக்கும் கிரைண்டர் இன்னும் மருமகள் கையில்தான் இருந்தது. அறுபட்ட கைப்பிடி அவர் கையில். இதற்கு மேல் விசாரணை எதற்கு?

“லாரி வர்ற அன்னைக்கா உங்களுக்கு இந்த வேலை?”

“லாரி வருதுன்னுதாம்மா இந்த வேலையே,” என்றார் அவர். “இனிமே அது கைவண்டி இல்ல. டிரெய்லர்.”

நர்சரியம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று பதினொரு மணிக்கு லாரி வருகிறது. புதிதாகக் கட்டிய மருத்துவமனை ஒன்றின் வளாகம் முழுவதற்கும் நிழல்மரக் கன்றுகள் அவளிடமிருந்துதான் போகின்றன. இத்தனை வருஷமாக வாசலில் நின்று ஒரு தொட்டி, இரண்டு தொட்டி என்று விற்றவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். கன்றுகளோ ஆள் உயரம் தாண்டியவை. மண்பையோடு சேர்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்கும் கனம். லாரி வருவதற்குள் பாதியாவது வாசலுக்கு வந்திருக்க வேண்டும், மீதி கையோடு கையாக ஏற வேண்டும். இல்லையென்றால் லாரி நேராகப் பெரிய ரோட்டு நர்சரிக்குப் போய்விடும் என்று தோட்ட வேலை கான்டிராக்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

கைவண்டியில் ஒரு நடைக்கு இரண்டு கன்றுதான் தள்ள முடியும் என்பதும், அப்படித் தள்ளினால் லாரி வந்து போய் மறுநாளும் வந்துவிடும் என்பதும் அவளுக்கும் தெரியும். அது தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

அவள் வீட்டுக்காரருக்குத் தெருவில் டிரெய்லர் என்றே பெயர். வாழ்நாள் முழுக்க நீளமான டிரெய்லர் லாரி ஓட்டியவர். பார்வை மங்கியதால் லைசென்ஸ் போய், வீட்டில் மிச்சமிருந்தது உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு சின்னப் புல் வெட்டும் வண்டிதான். மூடிப்போன விளையாட்டுத் திடல் ஒன்றிலிருந்து வாங்கியது. மருமகள் கேட், ஜன்னல் கம்பி செய்கிற பட்டறையில் வெல்டர். மாமனாரின் யோசனையும் மருமகளின் நெருப்பும் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டில் எந்தச் சாமானுக்கும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

அன்றைய யோசனை எளிமையானது. வண்டியின் அடியில் இருக்கும் பிளேடைக் கழற்றிவிட வேண்டும். பின்பக்கம் ஒரு கொக்கி வைக்க வேண்டும். கைவண்டியின் கைப்பிடியை அறுத்து, அதே குழாயில் ஓர் இழுவைக் கம்பி செய்து கொக்கியில் மாட்டிவிட்டால் ஒரு நடைக்கு ஆறு கன்று.

“இந்தத் தகரத்துலயே ஒட்டிரு அம்மாடி,” என்று வண்டியின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார் அவர்.

“தகரத்துல ஒட்டுனா மாமா, நீங்க போய்ச் சேந்துருவீங்க. கொக்கியும் கன்னும் அங்கயே நிக்கும்,” என்று சொல்லிவிட்டு மருமகள் தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கடியில் நுழைந்து, அடிச்சட்டமான சேஸைத் தேடிக் கண்டுபிடித்தாள். தடித்த இரும்புப் பட்டையில் துளை போட்டு, நாலு போல்ட்டில் இறுக்கினாள். முதலில் கொக்கியைக் கொஞ்சம் உயரத்தில் வைத்தார்கள். ஆறு கன்றோடு இழுத்துப் பார்த்தபோது வண்டியின் மூக்கு எழும்பி, டிரெய்லர் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுமை தூக்க வந்திருந்த இரண்டு பேரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பட்டையைத் திருப்பிப் போட்டு, கொக்கியை அச்சுக்குக் கீழே இறக்கியதும் மூக்கு தரைக்கு வந்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே. ஆறு கன்றையும் ஏற்றிக்கொண்டு வண்டி முற்றத்தைச் சுற்றி வந்தது. இலைகள் காற்றில் அடித்துக்கொள்ள, ஒரு சின்னக் காடே நகர்ந்து வருவதுபோல் இருந்தது. நர்சரியம்மா கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கை தட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்ப சொல்லு,” என்றார் டிரெய்லர்.

“பாத்திக்குள்ள போய் எடுத்துட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்.”

அங்கேதான் வந்தது வினை. கன்றுகள் இருந்தது பச்சை வலைப் பந்தலுக்கடியில், நீள நீளமான பாத்திகளில். இரண்டு பாத்திகளுக்கு நடுவே கைவண்டி நுழையும் அகலத்துக்கு ஒரு வழி. வழியின் கடைசியில் மதில். உள்ளே போய்த் திரும்ப இடமே இல்லை. காலி வண்டியைப் பின்னுக்கு ஓட்டி உள்ளே விட்டு, ஏற்றிக்கொண்டு முன்னுக்கு வர வேண்டும்.

“ரிவர்ஸ்தானே,” என்று டிரெய்லர் சட்டைக் கையை மடித்தார். “துறைமுகத்துல கப்பலுக்குப் பக்கத்துல ரிவர்ஸ் எடுத்தவன் நான்.”

எடுத்திருப்பார், யார் இல்லையென்றார்கள். ஆனால் இங்கே வண்டி இரண்டு முழம் பின்னால் போனதும் கைவண்டி படக்கென்று மடங்கிக் குறுக்கே நின்றது. முன்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி பின்னுக்கு விட்டார். இந்தத் தடவை அந்தப் பக்கம் மடங்கியது. மூன்றாம் தடவை ஒரு வரிசைத் தொட்டிகளை இடித்துத் தள்ளியது. நீள வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு, பின்பாகம் வருகிறதா என்று நிதானமாகக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர். இந்தக் குட்டி வண்டியோ அவர் தலையைத் திருப்புவதற்குள் காரியத்தை முடித்துவிட்டது. அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது.

“கழட்டி விட்டு, கையால உள்ள தள்ளிட்டு, அப்புறம் மாட்டிக்கலாமா?” என்றார் சுமை தூக்குகிறவர்களில் மூத்தவர்.

அதையும் செய்தார்கள். தண்ணீர் ஓடுவதற்காக வழி உள்நோக்கி லேசாகச் சரிந்திருந்தது. கொக்கியிலிருந்து விடுபட்ட கைவண்டிக்கு வந்தது குஷி. பிடிப்பதற்குக் கைப்பிடியும் இல்லாததால் தானாகவே உருண்டு போய் மதிலில் மோதி நின்றது. ஏற்றிய பிறகு அந்தக் கனத்தை மேட்டில் பிடித்து நிறுத்திக் கொக்கியில் மாட்ட நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஒரு நடைக்கே எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. நர்சரியம்மா பாத்திகளைப் பார்த்தாள். விதையிலிருந்து அவள் வளர்த்த கன்றுகள். ஒவ்வொரு பையையும் மாற்றியது அவள் கை. அவை இங்கேயே நின்றுவிட, பெரிய ரோட்டுக்காரனுடைய கன்றுகள் அந்த மருத்துவமனை வாசலில் நிழல் கொடுக்கப்போகின்றன என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதால் வீட்டுக்காரரும் மருமகளும் வேலையை விட்டுவிட்டு ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டாள்.

மருமகள்தான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முன்பக்கம் குனிந்து தட்டிப் பார்த்தாள்.

“மாமா, கொக்கிய முன்னால வச்சா என்ன?”

“முன்னாலயா?” டிரெய்லர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த ஊர்லயாவது டிரெய்லர் முன்னால போயிருக்கா?”

“இந்தத் தோட்டத்துல போவும். கண்ணு முன்னால வச்சுத் தள்ளிக்கிட்டே உள்ள போங்க. ஏத்துங்க. அப்படியே ரிவர்ஸ்ல வந்தா இழுத்துட்டு வந்துரும். கழட்டவே வேண்டாம்.”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மருமகள் முகக் கவசத்தை இறக்கிவிட்டாள். வெல்டிங் பொறி பறந்தது. பின்பக்கக் கொக்கியைக் கழற்றி முன்பக்கச் சேஸில் வைத்து ஒட்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் புஸ்ஸென்று ஆவி எழும்பியது.

டிரெய்லர் ஏறினார். கைவண்டி முன்னால் போக, வண்டி பின்னால் தள்ளிக்கொண்டு வழிக்குள் நுழைந்தது. பாதி தூரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கைவண்டி லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு, பழைய வழக்கப்படி, என்ன ஆகிறது என்று காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் அது இடப்பக்கத் தொட்டிகளுக்குள் புகுந்தது.

“அவ்வளவு இல்லீங்க, கொஞ்சம், கொஞ்சம்,” என்று நர்சரியம்மா பக்கத்துப் பாத்தியிலிருந்து கத்தினாள். “இப்ப இந்தப் பக்கம். இப்பவே. ஐயோ, போச்சு.”

அவர் மறுபடி முயன்றார். மருமகள் வண்டியைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சரியம்மாவின் இரண்டு கைகளும் காற்றில் இல்லாத கைப்பிடியைப் பிடித்திருந்தன. கைவண்டி வலப்பக்கம் போக நினைத்தாலே அவள் இடுப்பு ஓர் இம்மி வலப்பக்கம் நகர்ந்தது. அது இடப்பக்கம் நினைத்தால் இடுப்பு இடப்பக்கம். பின்னாலிருந்து தள்ளும் வண்டியின் மூக்கு ஒரு பக்கம் ஓடினால் அதன் வாலையும் அந்தப் பக்கமே தள்ள வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. இதே வண்டி, இதே வழி, தினம் எத்தனை நடை.

“அத்தை,” என்றாள் மருமகள், “நீங்க ஏறுங்க.”

“நானா? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.”

“ஓட்ட வேண்டாம். தள்ளுங்க. உங்க கைவண்டிதானே.”

எல்லோரும் டிரெய்லரைப் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் சக்கரம் உள்ளது எதுவாக இருந்தாலும் அவர்தான் உட்காருவார். அது எழுதாத சட்டம். அவர் காலைத் தூக்கி இறங்கினார். துண்டால் சீட்டைத் துடைத்தார்.

“இத மிதிச்சா போவும். விட்டா நிக்கும். இது ரிவர்ஸ்,” என்றார். “பயப்படாத. இது ஒண்ணும் பண்ணாது.”

நர்சரியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மிதித்தாள். வண்டி குலுங்கிப் புறப்பட்டது, அவள் உயிரும் கூடவே குலுங்கியது. எதிரே கைவண்டி, அதே நசுங்கிய பக்கத் தகரம், அதே கிரீச். அதன் மூக்கு வலப்பக்கம் போகப் பார்த்தது. அவள் யோசிக்கவில்லை. இடுப்பு நகர்ந்தது, இடுப்போடு கையும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஓர் இம்மி நகர்த்தியது. கைவண்டி சொன்னபடி கேட்டது. இந்தப் பக்கம் ஒரு துளி, அந்தப் பக்கம் ஒரு துளி. ஒரு தொட்டி அசையவில்லை. மதில் கிட்ட வந்ததும் காலை எடுத்தாள், நின்றது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா இது, இதற்கா இத்தனை வருஷம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தாள். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது, இந்தத் தடவை அதை விழுங்கவில்லை.

அப்புறம் யாருக்கும் நிற்க நேரமில்லை. ஆறு கன்று ஏறியது. ரிவர்ஸில் வெளியே வந்து, முற்றத்தில் வளைந்து, வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இறக்கியதும் மறுபடி உள்ளே. மூன்றாவது நடையில் அவள் ஒரு கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஓட்டியதைப் பார்த்து மருமகள் விசிலடித்தாள். சுமை தூக்குகிறவர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள்.

லாரி வந்தபோது ஒன்றரைப் பாத்தி மட்டும் மிச்சம். வாசலுக்குப் பின்பக்கத்தைக் காட்டி லாரி நின்றது. இனிக் கன்றுகள் நேராக லாரியின் வாலுக்கே போக வேண்டும். கேட்டின் இரண்டு தூண்களுக்கு நடுவே கைவண்டி நுழைந்தால் இரண்டு பக்கமும் கையளவு இடைவெளிதான். நர்சரியம்மா வேகத்தைக் குறைத்தாள். கன்றுகளின் இலைகள் மறைத்ததில் தூண் தெரியவில்லை.

அப்போது இலைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. டிரெய்லர் லாரியின் வாலருகே ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வரலாம்... வரலாம்... லேசா லெஃப்ட்... வரலாம்... அப்படியே... போதும்.”

கைவண்டி லாரியில் இடிக்காமல் ஒட்டி நின்றது. லாரி டிரைவர் இறங்கி வந்தான். டிரெய்லரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து பதறிப்போனான்.

“அண்ணே, நீங்க இருக்கும்போது அண்ணிய ஓட்ட விட்டுட்டு...”

“நான் கிளீனர்ப்பா,” என்றார் டிரெய்லர். “எதுனாலும் டிரைவரம்மாகிட்ட கேட்டுக்க.”

கேலியாகச் சொன்னாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

கடைசிக் கன்றும் ஏறி, லாரி தெரு முனையில் திரும்பி மறைந்தது. மருமகள் கையுறையைக் கழற்றினாள். சுமை தூக்கியவர்கள் குழாயடிக்குப் போனார்கள். நர்சரியம்மா மட்டும் சீட்டிலிருந்து இறங்கவில்லை.

“முடிஞ்சுதும்மா, இறங்கு,” என்றார் டிரெய்லர்.

அவள் காலிக் கைவண்டியைக் கண்ணால் காட்டினாள். “கிளீனர் ஏறிக்கலாம். ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

அவர் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஏறி, காலை மடக்கி, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அவள் மிதித்தாள்.