மடங்காத முழங்கால்

அன்று காலையும் நகாயிஸா மாமியார் முன்னால் மண்டியிடவில்லை. மசாக்கா ஊரில் எங்கள் தெரு அதை வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமியாரைக் கண்டால் கையிலிருக்கும் குடத்தை இறக்கிவைத்து, முழங்காலிட்டுத்தான் மருமகள் வணக்கம் சொல்ல வேண்டும். நின்றபடி சொன்னால் அது வணக்கமில்லை, வம்பு. அவளோ சுவரைப் பிடித்தபடி, "ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா அத்தே?" என்றாள். மாமியார் நல்வத்தா, சுமந்து வந்த வாழைத்தாரை வாசலிலேயே போட்டுவிட்டு மகனிடம் போனாள்.

"அடுத்த மாசம் உன் தங்கச்சியப் பொண்ணு கேட்டு வர்றாங்க. அவங்க முன்னாடியும் உன் பொண்டாட்டி கம்பம் மாதிரி நிப்பாளா? குனிய முடியலன்னா அவ அப்பன் வீட்டுல போய் நிக்கட்டும்."

நகாயிஸாவின் கணவன் செம்வாங்கா தலையைச் சொறிந்தான். கிணற்றடியில் நகாயிஸா சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்; அதைக் கேட்டுத்தான் அவன் பெண் கேட்டதே. எட்டு மாதமாக அந்தச் சிரிப்பு இல்லை. விடிந்தால் விரல்கள் வீங்கிக் கிடக்கும், முழங்கால் பலகையாகிவிடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நிலக்கடலைக் குழம்பு மண்ணாக ருசித்தது, நட்டநடுப் பகலில் சுவரைப் பார்த்துப் படுக்கத் தோன்றியது. இதை யாரிடம் சொல்வாள், பாவம்? தான் சோம்பேறியாகிவிட்டோம், கெட்டுப்போய்விட்டோம் என்று அவளே நம்பிவிட்டாள்.

கடைசியில் செம்வாங்கா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினான். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று நல்வத்தாவும் அதே வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். தோள் புடைத்த பட்டு உடுப்பும் இடுப்புக் கச்சையுமாக அவள் நடுவில் உட்கார்ந்ததில், ஓட்டுகிறவன் பெட்ரோல் டாங்கின் மேல் போய்விட்டான்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள்: "நோய்க்கிருமியோட சண்டை போட வேண்டிய படை, ஆள் தெரியாம இவங்க மூட்டுகளையே அடிச்சிட்டிருக்கு. அந்த வீக்கத்தோட வேகம் சில பேருக்கு மூளையையும் தொடும். அப்ப பசி இருக்காது, தூக்கம் கெடும், மனசு இருண்டு போகும். மூட்டுக்கு மருந்து தர்றேன். மனசுக்கும் வைத்தியம் பாக்கணும். வாரம் ஒருநாள் இங்க வந்து பேசட்டும்."

நல்வத்தா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப இவ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தது திமிர் இல்லையா?"

"இல்லம்மா. அதுவும் நோய்தான்."

"எட்டு மாசமா நான் ஒரு வீக்கத்தோடயா சண்டை போட்டிட்டிருந்தேன்?"

நகாயிஸாவின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று செம்வாங்காவுக்குப் பிடிபடவில்லை.

பெண் கேட்டு வரும் நாளுக்குள் குழம்பில் கொஞ்சம் உப்பு தெரிய ஆரம்பித்திருந்தது. முழங்கால் மட்டும் பிடிவாதமாக இருந்தது. பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுப் பெண்கள் வரிசையாகப் போய்ப் பாயில் மண்டியிட்டார்கள். நகாயிஸா சமையல் கொட்டகையில் வாழையிலைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இன்று நின்றால், நாளை அப்பன் வீடு.

"எங்கடி என் மருமக?" என்று நல்வத்தாவின் குரல் வந்தது.

அவள் வெளியே வந்து நின்றாள். நல்வத்தா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டாள். பிறகு உடுப்பைச் சுருட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பாயில் உட்கார்ந்தாள்.

"உக்காரு. நீ இறங்க முடியாது, நான் இறங்கிட்டேன். இப்ப வணக்கத்தைச் சொல்லு."

"அத்தே, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே வந்திருக்காங்க."

மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேச வந்த பேச்சாளர் தொண்டையைச் செருமினார். "அம்மா, எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கும் இதே சட்டம்தானா?"

"அவ முழங்கால் நல்லாருக்கு. கீழேயே உக்காரட்டும்."

பந்தல் சிரித்தது. நகாயிஸா நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, வணக்கத்தை முழுசாகச் சொன்னாள். நல்வத்தா ஒவ்வொரு வரிக்கும் வழக்கப்படி முனகிப் பதில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு எழப்பார்த்தாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள். கச்சைதான் அவிழ்ந்தது.

"கையக் குடுடி."

"என் விரல் வலிக்கும் அத்தே."

"அப்ப மெதுவா இழு."

அவள் இழுத்தாள். மாமியார் ஒரு சாண் எழும்பி மறுபடி பாயில் விழுந்தாள். அப்போது அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி நகாயிஸா சிரித்தாள். கொட்டகையில் வாழைக்காய் வெந்த இலைக்கட்டு அவிழ்ந்து ஆவி பொங்கியது. அத்தனை விருந்தாளிகளும் காத்திருக்க, வீங்கிய விரல்களும் சுருங்கிய விரல்களும் ஒன்றையொன்று பிடித்தபடியே இருந்தன.